கடைசியில் வந்தவர்

பனிக்கட்டிக்கும் நம்மவர்களுக்கும் உள்ள உறவு கரும்புச்சாற்றுக் கடையோடும் வீட்டு ஃப்ரிட்ஜோடும் முடிந்துபோகிறது. அந்தப் பனிக்கட்டியின் மேல் இரும்புத் தகட்டில் நின்றுகொண்டு ஓடுகிற ஒருவரைப் பற்றி, வாழ்நாளெல்லாம் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டிய நான் எழுதப் புறப்பட்டது சங்க அன்பர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். காரணம் என் பேரன்.

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தவன் கைப்பேசியில் ஒரு பழைய ஓட்டத்தைக் காட்டினான். ஐந்து பேர் பனித்தளத்தில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். நான்கு பேர் முன்னால் முட்டி மோதிக்கொண்டு போக, ஐந்தாமவர் பின்தங்கி வருகிறார். கடைசி வளைவில் அந்த நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவராகச் சரிகிறார்கள். பின்னால் வந்தவர் நிதானமாக அவர்களைக் கடந்து, தன் கண்களைத் தானே நம்பாதவர் போல இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறார். ஒலிம்பிக் தங்கப் பதக்கம் அவருக்கு.

"தாத்தா, ஓசியில கோல்டு மெடல்!" என்று விழுந்து விழுந்து சிரித்தான் பேரன்.

2002 பிப்ரவரியில், ரயில்வே குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து டி.வி. செய்தியில் இதே காட்சியைப் பார்த்து நானும் அப்படித்தான் சிரித்தேன். இந்தத் தடவை ஏனோ சிரிப்பு வரவில்லை. அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

அவர் பெயர் ஸ்டீவன் பிராட்பரி. ஆஸ்திரேலியாக்காரர். 1973இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பிறந்து, பிரிஸ்பேன் நகரத்தில் பயிற்சி பெற்றவர். பிரிஸ்பேன் நம் ஊர்களைப் போலவே வெயில் காயும் ஊர். அங்கே பனி வேண்டுமென்றால் கூரை போட்ட அரங்கத்தில் மின்சாரம் செலவழித்துத்தான் உறைய வைக்க வேண்டும். அவர் ஆடிய விளையாட்டுக்குப் பெயர் ஷார்ட் டிராக் ஸ்பீட் ஸ்கேட்டிங். 1988இல் கால்கரி ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக வைத்துப் பார்த்து, 1992 முதல் பதக்கப் போட்டியாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த விளையாட்டின் அளவுகளைப் படித்ததும் என் பழைய தொழில்புத்தி தலைதூக்கிவிட்டது. தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதற்குள் ஒரு முட்டை வடிவப் பாதை. ஒரு சுற்று 111.12 மீட்டர், 1000 மீட்டர் போட்டிக்கு ஒன்பது சுற்று. வளைவின் ஆரம் வெறும் 8 மீட்டர்! நமது பிராட்கேஜ் பாதையில் அனுமதிக்கப்பட்ட மிகக் கடுமையான வளைவு பத்து டிகிரி. அதன் ஆரம் 175 மீட்டர். அதற்கே வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நடுவோம். வெளிப்பக்கத் தண்டவாளத்தை உள்பக்கத்தைவிட உயர்த்தி வைப்போம். சூப்பர் எலிவேஷன், அல்லது சுருக்கமாகக் கான்ட் என்பது இதைத்தான். எவ்வளவு உயர்த்தினாலும் 165 மில்லிமீட்டர், அதாவது ஆறரை அங்குலத்தைத் தாண்டுவதில்லை.

பனித்தளத்திலோ கான்ட் கிடையாது. தரை ஒரே மட்டம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 8 மீட்டர் வளைவைப் பிடித்தால், வெளியே தள்ளுகிற விசை உடம்பின் எடையைப் போல ஒன்றரை மடங்கு வரும் என்று என் பழைய கால்குலேட்டர் சொல்கிறது. வீரர்கள் வளைவைக் கொஞ்சம் அகலமாக எடுத்து இதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்படியும் தரையோடு தரையாகச் சாய்ந்து, இடது கை விரல்களைப் பனியில் ஊன்றியபடிதான் திரும்ப முடிகிறது. விரல் நுனி வழுக்கிச் செல்வதற்காகவே கையுறையில் கெட்டியான குமிழ்கள் உண்டு. காலணியின் அடித்தகட்டை நடுவில் பொருத்தாமல் இடப்பக்கம் தள்ளிப் பொருத்துகிறார்கள். தகட்டையே வளைவின் திசையில் லேசாக வளைத்தும் விடுகிறார்கள். ஓடுவது எப்போதும் இடப்புறமாகவே என்பதால் இந்த ஏற்பாடு. யார் கண்டுபிடித்தாரோ, அவருக்கு ஒரு சலாம்.

இதில் தனித்தனிப் பாதைகள் கிடையாது என்பதுதான் முக்கியம். நம் பி.டி. உஷா ஓடிய 400 மீட்டர் போல ஆளுக்கொரு கோடு போட்டுக் கொடுப்பதில்லை. ஒரே பாதையில் நான்கைந்து பேர். ஒவ்வொரு கோடியிலும் ஏழு ரப்பர்க் கட்டைகளை வைத்து எல்லை காட்டியிருப்பார்கள். அதற்கு வெளியே எப்படியும் முந்தலாம். நேரம் கணக்கில்லை, கோட்டை முதலில் தாண்டுகிறவர் ஜெயித்தவர். கையால் தள்ளினாலோ, குறுக்கே வந்து வழியை மறித்தாலோ நடுவர் தகுதிநீக்கம் செய்துவிடுவார். கத்தி போன்ற தகடுகளோடு இத்தனை பேர் இத்தனை நெருக்கத்தில் ஓடினால் விபத்து என்பது எதிர்பாராத நிகழ்ச்சி ஆகுமா? போட்டியிலேயே அது ஓர் அங்கம்.

தண்டவாளத்தில் வண்டி தடம்புரண்டால் நாங்கள் முதலில் தேடுவது, சக்கரம் எந்த இடத்தில் தண்டவாளத்தின் மேல் ஏறியது என்பதை. 'பாயிண்ட் ஆஃப் மவுண்ட்' என்போம். அந்த இடத்தில் சுண்ணாம்பால் குறியிட்டுவிட்டு, வண்டி வந்த திசையில் பின்னோக்கி அளந்துகொண்டே போவோம். கவிழ்ந்த பெட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடி நிற்கும். காரணம் பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்காது. பின்னால் எங்கேயோ இருக்கும். பிராட்பரியின் கடைசி வளைவிலிருந்தும் அப்படிப் பின்னோக்கி அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

1991இல் சிட்னியில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் 5000 மீட்டர் தொடரோட்டத்தில் ஆஸ்திரேலிய அணி முதலிடம் பெற்றது. குளிர்கால விளையாட்டு எதிலும் அந்த நாடு உலகச் சாம்பியன் ஆனது அதுதான் முதல் முறை. அந்த அணியில் பதினேழு வயதுப் பையனாக இருந்தார் பிராட்பரி. மறு வருடம் பிரான்ஸில் ஆல்பர்ட்வில் ஒலிம்பிக். உலகச் சாம்பியன் என்ற பெயரோடு போன அணி அரையிறுதியில் ஒருவர் கால் இடறி விழுந்ததால் வெளியேறியது. பிராட்பரி அன்று மாற்று ஆள். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

1994இல் நார்வேயின் லில்லிஹாமர். அந்த முறை தொடரோட்ட அணி ஒரு தீர்மானத்தோடு இறங்கியது. எது எப்படிப் போனாலும் நாம் விழக்கூடாது, தகுதிநீக்கம் ஆகக்கூடாது. நான்கு அணிகளில் ஒன்றையாவது முந்தினால் பதக்கம். கனடா அணியினர் விழுந்தார்கள். கடைசிக் கட்டத்தில் அமெரிக்க வீரரோடு மல்லாடி வெள்ளிக்கு முயன்றிருக்கலாம். ரிச்சர்ட் நிஸியல்ஸ்கி என்ற மூத்த வீரர், இரண்டு வருடத்துக்கு முன் அரையிறுதியில் இடறி விழுந்தவர் அவரேதான், விட்டுக்கொடுத்துப் பின்வாங்கினார். கிடைத்தது வெண்கலம். குளிர்கால ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியா பெற்ற முதல் பதக்கமே அதுதான். நின்று முடிப்பதே பாதி வெற்றி என்ற பாடம் பிராட்பரிக்கு இருபது வயதிலேயே கிடைத்துவிட்டது.

அதே லில்லிஹாமரில் தனிநபர் 1000 மீட்டரில் அவர் நல்ல வாய்ப்புள்ளவராகக் கருதப்பட்டார். ஆனால் முதல் சுற்றிலேயே ஒருவர் அவரைத் தள்ளிவிட்டார். தள்ளியவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். விழுந்தவருக்கு அதனால் என்ன லாபம்? அவரும் வெளியேதான். வேகம் உச்சத்தில் இருந்த வயதில் பிறர் செய்த தவறால் இழந்தார். இதைப் பற்றி யாரும் வீடியோ காட்டிச் சிரிப்பதில்லை.

அந்த வருடமே கனடாவின் மாண்ட்ரியல் நகரில் உலகக் கோப்பைப் போட்டி. மோதி விழுந்தபோது இன்னொரு வீரரின் காலணித் தகடு அவருடைய வலது தொடைக்குள் பாய்ந்து மறுபக்கம் வரை அறுத்துவிட்டது. நான்கு லிட்டர் ரத்தம் போயிற்று. மனித உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர் சொச்சம்தான். நினைவு தப்பினால் பிழைக்க மாட்டோம் என்று கண்ணை மூடாமல் பிடிவாதமாக விழித்துக்கொண்டிருந்தாராம். 111 தையல். மூன்று வாரம் காலை அசைக்க முடியவில்லை. தொடையில் பழைய பலம் வருவதற்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. ஒரு சுற்றின் நீளம் 111 மீட்டர், தையலும் 111. விதி இப்படியெல்லாம் கணக்குப் போடுகிறது!

1998இல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் மறுபடியும் மோதல்கள். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை.

2000 செப்டம்பரில் பயிற்சியின்போது முன்னால் போனவர் விழுந்தார். அவர் மேல் இடிக்காமல் தாண்டிக் குதிக்க முயன்ற பிராட்பரி தலைகுப்புறப் போய்த் தடுப்பில் மோதினார். கழுத்தெலும்பில் நான்காவது, ஐந்தாவது கண்டங்கள் முறிந்தன. மண்டையோட்டில் நான்கு திருகாணிகளை முறுக்கி, தலையைச் சுற்றி ஒரு வளையத்தை மாட்டி, அதை மார்போடும் முதுகோடும் பிணைத்து ஒன்றரை மாதம் வைத்திருந்தார்கள். இனி பனித்தளத்தில் கால் வைக்கவே முடியாது என்றார்கள் டாக்டர்கள்.

இத்தனைக்கும் இடையில் ஜீவனம் நடக்க வேண்டுமே. நம் கிரிக்கெட் வீரர்களைப் போல விளம்பரப் பணம் கொட்டுகிற ஆட்டமா இது? வீட்டோடு சேர்ந்த பட்டறையில் ஸ்கேட்டிங் காலணிகள் தயாரிக்கத் தொடங்கினார். 2002இல் தங்கம் வாங்கப்போகிறவர் என்று உலகமே எதிர்பார்த்த அமெரிக்க வீரர் அப்போலோ ஓனோவுக்கு விளம்பரத்துக்காக இலவசமாகவே காலணி கொடுத்தார். ஜெயித்தபின் நம் காலணியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டும் வைத்தார். தான் ஜெயிப்போம் என்ற எண்ணம் அவர் கணக்கில் எந்த வரியிலும் இல்லை.

அப்படியானால் எதற்காக, முறிந்த கழுத்தோடு, இருபத்தெட்டு வயதில், நான்காவது ஒலிம்பிக்? 1994இலும் 1998இலும் ஒழுங்காக ஓடி முடிக்கக் கிடைக்காத ஓட்டங்களுக்கு ஈடாக ஒருமுறையாவது ஓடிவிட வேண்டும் என்பதற்காகத்தான். பதக்கத்துக்கான வேகம் தன்னிடம் இப்போது இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி. (அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் போனவர் ஒரே ஒருவர். மணாலியில் வளர்ந்த சிவா கேசவன், சறுக்குவண்டிப் போட்டிக்கு. அவருடைய கதையையும் யாராவது இந்த இதழில் எழுத வேண்டும்.) 1000 மீட்டரில் முதல் சுற்றில் பிராட்பரி ஜெயித்தார், இதில் யாரும் விழுந்து உதவவில்லை. காலிறுதியில் ஓனோவும் கனடாவின் மார்க் கன்யோனும் அவரோடு ஓடினார்கள். இரண்டு பேருக்குத்தான் அடுத்த கட்டம், இவர் மூன்றாவது. மூட்டை கட்ட வேண்டிய நேரத்தில், வழியை மறித்ததாகக் கன்யோனைத் தகுதிநீக்கம் செய்தார்கள்.

அரையிறுதிக்கு முன் பயிற்சியாளர் ஆன் ஜாங் அம்மையாரோடு உட்கார்ந்து யோசித்தார். வேகத்தில் மற்ற நால்வருக்கும் ஈடுகொடுக்க முடியாது. நடுவில் புகுந்தால் இடிபட்டு விழுவதுதான் மிச்சம். ஆகவே பின்னால் இடைவெளி விட்டுப் போவது. முன்னால் மோதல் நடந்தால் அதில் சிக்காமல் கடப்பது. அப்படியே நடந்தது. நாகானோவில் தங்கம் வென்ற கொரியாவின் கிம் டாங்-சுங், சீனாவின் லீ ஜியாஜுன், கனடாவின் மாத்யூ டர்காட் மூவரும் விழுந்தார்கள். முதலில் வந்த ஜப்பான் வீரர் டெராவோ தகுதிநீக்கம். விழுந்தவர்களில் லீக்கும் டர்காட்டுக்கும் இறுதியில் இடம் கொடுத்தார்கள். அதனால்தான் இறுதியில் ஐந்து பேர்.

பிப்ரவரி 16. ஓனோ, லீ, டர்காட், கொரியாவின் பதினாறு வயது ஆன் ஹ்யூன்-சூ, பிராட்பரி. அந்தக் கொரியப் பையன் பின்னால் மூன்று தங்கம் கொரியாவுக்கும், குடியுரிமை மாறி மூன்று தங்கம் ரஷ்யாவுக்கும் வாங்கிக் கொடுத்தவர். ஓனோ தன் காலம் முடிவதற்குள் எட்டு ஒலிம்பிக் பதக்கம் சேர்த்தவர். அப்படிப்பட்டவர்களோடு களைத்த கால்களோடு ஓடுகிற மூத்தவர் இவர். மறுபடியும் அதே திட்டம்: இடைவெளி.

ரயில்வேயில் பிளாக் செக்ஷன் என்று ஒன்று உண்டு. முன்னால் போன வண்டி அந்தப் பகுதியை விட்டு வெளியேறும்வரை பின்வண்டிக்கு அனுமதி கிடையாது. நடுக்காட்டில் வண்டி அரைமணி நேரம் நின்றால் பயணிகள் திட்டுவார்கள். அந்த இடைவெளிதான் தங்களை உயிரோடு வீடு சேர்க்கிறது என்பது அப்போது யார் நினைவிலும் இருப்பதில்லை. பிராட்பரி விட்ட இடைவெளி 15 மீட்டர். அவர்கள் ஓடும் வேகத்தில் அது ஒன்றேகால் விநாடிக்கும் சற்று அதிகம். முன்னால் நடப்பதைக் கண் பார்த்து, புத்தி முடிவு செய்து, கால் திரும்ப அந்த நேரம் வேண்டும்.

கடைசிச் சுற்றில் லீ, ஓனோவை முந்தப் பார்த்து உரசிச் சரிந்தார். கடைசி வளைவில் ஓனோ, ஆன், டர்காட் மூவரும் சிக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதினார்கள். கோட்டுக்குச் சில மீட்டர் தூரம்தான் பாக்கி. பிராட்பரி 1 நிமிடம் 29.109 விநாடியில் முடித்தார். ஓனோ எழுந்து, தட்டுத் தடுமாறிப் பாய்ந்து கோட்டைத் தொட்டபோது கழிந்திருந்தது சுமார் ஒரு விநாடிதான்.

இந்த ஒரு விநாடியைத்தான் பேரனுக்கு எடுத்துச் சொன்னேன். இன்னும் ஒரு விநாடி பின்தங்கியிருந்தால் விழுந்து எழுந்த ஓனோவே ஜெயித்திருப்பார். ஒரு விநாடி முன்னால் இருந்திருந்தால் இவரும் அந்தக் குவியலில் கிடந்திருப்பார். பூங்காவில் காற்று வாங்குகிறவர் யாரும் அந்த இடத்தில் இருந்திருக்க முடியாது. உலகத்தின் முதல் ஐந்து பேருக்குள் வந்து, அவர்கள் வேகத்துக்குக் கொஞ்சமே குறைந்த வேகத்தில் ஒன்பது சுற்றும் ஓடிக்கொண்டிருந்தவரால்தான் முடியும். அதிர்ஷ்டம் இல்லை என்று நான் வாதாடவில்லை. காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று மூன்று முறையும் அது வந்து கைகொடுத்தது உண்மை.

"அப்போ அது ஓசி இல்லையா தாத்தா?" என்றான்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் டிப்ளமோக்காரன். சூப்பர்வைசராகச் சேர்ந்து, இருபது வருடத்துக்கு மேல் கேங்மேன்களோடு வெயிலில் நடந்தபிறகு, அதிகாரி பதவிக்கான தேர்வு எழுதினேன். பட்டியலில் எனக்கு முன்னால் மூன்று பேர். ஒருவர் உடல்நிலை சரியில்லை என்று மறுத்துவிட்டார். இன்னொருவர் சொந்த மாநிலத்துக்கு மாற்றல் கேட்டுப் போய் சீனியாரிட்டியை இழந்தார். மூன்றாமவர் பெயர் ஒரு விசாரணையில் மாட்டி நின்றது. பதவி எனக்கு வந்தது. அன்று மாலை டீ பார்ட்டியில் ஒரு நண்பர், "மூணு விக்கெட் விழுந்துதான் இவருக்கு பேட்டிங் கிடைச்சுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓய்வு பெறும்வரை அந்த வாக்கியம் என் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் நானே அதை முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்தத் தேர்வுக்காக இரவு பத்து மணிக்கு மேல் சமையலறை விளக்கில் உட்கார்ந்து படித்த இரண்டு வருடத்தை என் மனைவி மட்டும்தான் பார்த்தாள்.

பேரன் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பேசியை வாங்கி அந்தக் கடைசிச் சுற்றை மறுபடி ஓடவிட்டான். இந்த முறை பின்னால் வருகிறவரை மட்டும் பார்த்தான்.

தெற்கு அரைக்கோளத்திலிருந்து குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் ஆள் பிராட்பரிதான். அவர் படத்தோடு அந்நாட்டுத் தபால் துறை தலை வெளியிட்டது. எதிராளிகள் சறுக்கியதால் ஒருவர் ஜெயித்துவிட்டால் 'பிராட்பரி செய்துவிட்டார்' என்று சொல்வது ஆஸ்திரேலியாவில் பேச்சு வழக்கே ஆகிவிட்டது. இருபது வருடம் கழித்து, 2022இல், குவீன்ஸ்லாந்துக் கடற்கரையில் தன் மகனுக்கு அலைச்சறுக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், நீரோட்டத்தில் சிக்கிய நான்கு இளம்பெண்களைப் பலகையில் துடுப்பிட்டுப் போய்க் காப்பாற்றினார். அதற்காக அரசு வீரச்செயல் பாராட்டு அளித்தது. இந்தச் செய்தியைப் பேரன்தான் தேடிப் பிடித்துக் காட்டினான்.

அன்றிரவு சால்ட் லேக் சிட்டியில் பதக்க மேடைக்குப் போவதற்கு முன் அவருக்கே ஒரு தயக்கம் இருந்திருக்கிறது. ஏறுவதா, ஏதாவது மூலையில் போய் ஒளிந்துகொள்வதா என்று. பிறகு மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்: இந்த ஒன்றரை நிமிடத்துக்காக நான் இதை வாங்கிக்கொள்ளவில்லை, இதற்கு முந்தைய பத்து வருட உழைப்புக்காக வாங்கிக்கொள்கிறேன் என்று. மேடையில் ஓனோ ஒரு பக்கம், டர்காட் ஒரு பக்கம். நடுவில் ஏறி நின்றார்.